சீட்டுக் கேளாத வைத்தியர்

கண்டியிலிருந்து பேராதனைக்குச் செல்லும் வீதியில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு ஹந்தானை மலைத்தொடர் கண்ணிற் படும். அம்மலையின் அடிச்சரிவிலே பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கின்றது. இலங்கையின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962ஆம் ஆண்டில் அங்கேதான் தொடங்கப்பட்டது. அதே மலையின் மேற்புறத்திலே தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. அத்தோட்டங்களிலே லயங்கள் உள்ளன. அந்த லயங்களிலே, மருத்துவ பீடம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் நோயுற்றும் பிள்ளை பெற்றும் இறந்தும் வந்திருக்கின்றனர். மேலிருந்து கீழே நடந்து இறங்குவது பெரிய காரியமன்று. ஆயினும் மேலே இருந்த மனிதனுக்கும் கீழே இருந்த வைத்தியருக்கும் இடையே கிடந்த தூரத்தை மைற்கற்களால் அளந்துவிட முடியாது. அத்தூரம் எவ்வாறு உண்டாயிற்று, அது எவ்வளவு குறைந்தது, இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடும்ப வைத்தியர் என்ற சொல் இன்று நம் செவிகளுக்குப் பழக்கமாகி வருகின்றது. பாட்டியின் நீரிழிவையும், மகளின் பிரசவத்தையும், பேரனின் இழுப்பையும் ஒருவரே அறிந்து வைத்திருப்பார். தம்மால் ஆற்றக்கூடியது எது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியது எது என்று தெரிந்து சொல்வார். அவரே குடும்ப வைத்தியர். பிற நாடுகள் பலவற்றிலே அத்தகையவரைத் தேடிச் செல்பவன் முதலிற் கேட்கும் கேள்வி, "என் காப்புறுதியை ஏற்பீரா?" என்பது. நம் நாட்டில் மக்கள் அனைவர்க்கும் பொதுவான மருத்துவக் காப்புறுதி என ஒன்று இல்லை. அரசாங்க ஊழியர்க்கு 'அக்ரஹார' என்னும் திட்டம் உண்டு. ஏனையோர்க்கு அரசாங்க வைத்தியசாலையின் இலவச சேவையே காப்புறுதி. ஆகவே இக்கேள்விக்கு இங்கே இடமில்லை என்று எண்ணுவோர் உளர். இடம் இருந்தது, ஆனால் கேள்வி நோயாளியின் வாயிலிருந்து பிறக்கவில்லை. எதிரே நின்றவர் கேட்டார்: "உன்னை அனுப்பியது யார்? சீட்டு எங்கே?" மலைநாட்டு மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் இந்தச் சீட்டின் வரலாறே எனலாம்.

ஆங்கிலேயர் 1815இல் கண்டியைக் கைப்பற்று முன்னர் இப்பகுதியில் வைத்தியம் இல்லாமல் இருக்கவில்லை. கிராமத்து வைத்தியர் தந்தையிடம் கற்ற ஏட்டறிவோடும் மூலிகை அறிவோடும் தம் அயலாரைப் பார்த்தார். வெற்றிலையில் வைத்துக் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டார். கண்டி மன்னரின் அரண்மனையிலே சிங்கள வைத்தியரோடு, கோபால என்னும் பெயர் தாங்கிய முஸ்லிம் வைத்தியக் குடும்பத்தாரும் பரம்பரையாகப் பணி செய்தனர் என்பது இனவாதம் பேசுவோர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. அவ்வைத்தியத்தைப் பொற்காலமாகப் புனைந்து கூறுதல் வேண்டா. அம்மைக்கும் பேதிக்கும் முன்னே அது திகைத்து நின்றது. சாதியின் படிக்கட்டு அதன் வாசலிலும் இருந்தது. எனினும் ஒன்றைக் கூறலாம். நோயாளி எவரிடமும் உத்தரவு பெறாமல் வைத்தியர் வீட்டுக்கு நடந்து சென்றான்.

கோப்பி அந்த உலகத்தைக் குலைத்தது. கம்பளையை அடுத்த சிங்காப்பிட்டியிலே 1820களில் தோட்டம் திறந்த ஜோர்ஜ் பேர்டுக்குப் பின், காடுகள் அழிந்து கோப்பி மலைகள் பெருகின. அவற்றிலே வேலை செய்யத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் வந்தனர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என நடந்து கண்டி மலைகளை அடைந்தனர். நீரின்மையும் பேதியும் காய்ச்சலும் வழி நெடுகக் காத்திருந்தன. 1841 தொடங்கி 1848 வரை அவ்வாறு வந்தவர்களுள் 70,000 பேர் மாண்டனர் என்று 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை எழுதிற்று. அத்தொகை மிகையானது என்று பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் வாதித்தனர். தொகையைப் பற்றித்தான் வாதம். வழியோரத்துப் பிணங்களை எவரும் மறுத்திலர். உயிருடன் வந்தவர்களையே எண்ணாத ஆட்சி இறந்தவர்களை எங்ஙனம் எண்ணியிருக்கும்?

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவனை 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எதிர்கொண்டது. உத்தரவின்றி வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப அச்சட்டம் இடமளித்தது. இதன் பொருளை மருத்துவக் கண்கொண்டு பார்ப்போம். காய்ச்சலோடு கிடக்கும் ஒருவன், துரையின் அனுமதியில்லாமல் நகரத்து வைத்தியரிடம் போனால், சட்டத்தின் பார்வையில் அவன் நோயாளியல்லன், ஓடிப்போனவன்.

தோட்டத்துரைமார் 1854ஆம் ஆண்டிலேயே கண்டியில் ஒன்றுகூடித் தங்கள் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். அரசாங்கத்தின் சிவில் மருத்துவத் திணைக்களம் அதற்கு நான்காண்டு பிந்தி 1858இல் பிறந்தது. சாவு மலிந்தபோது, அதைக் குறித்து இந்தியாவிலும் இங்கிலாந்திலும் கேள்விகள் எழுந்தபோது, ஏதேனும் செய்தாக வேண்டிய நிலை வந்தது. தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் காலத்தில், கோப்பித் தோட்டங்களின் வைத்தியத் தேவைகள் பற்றிய 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. கோப்பிப் பிரதேசம் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. மாவட்டந்தோறும் ஒரு குழு. அக்குழுவில் அமர்ந்தவர்கள் யார்? துரைமாரே. நோய் எது, செலவு எவ்வளவு, வைத்தியர் எங்கே என்பவற்றையெல்லாம் நோயாளியை வேலை வாங்குபவரே தீர்மானிக்கும் ஏற்பாடு அது. செலவுக்கு அஞ்சிய குழுக்கள் மெத்தனம் காட்டின, சாவு குறையவில்லை. ஆகவே 1880களின் தொடக்கத்தில் வேறு கட்டளைச் சட்டங்கள் வந்தன. மாவட்ட வைத்தியர்கள் அரசாங்கத் திணைக்களத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். தோட்டப் பண்டங்களின் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து அச்சேவைக்குப் பணம் ஒதுக்கப்பட்டது.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏற்றுமதித் தீர்வை எங்கிருந்து வந்தது? கோப்பி மூட்டையிலிருந்தும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலைப் பெட்டியிலிருந்தும் வந்தது. அம்மூட்டையையும் பெட்டியையும் நிரப்பிய கை எது? பறித்தவளின் கை. எனவே மலைநாட்டுத் தொழிலாளி தன் உழைப்பினால் நெடுங்காலம் ஒரு மருத்துவக் காப்புறுதிக்குச் சந்தா செலுத்தி வந்திருக்கிறாள். அவளிடம் பத்திரம் இல்லை, அட்டை இல்லை, எந்த வைத்தியரிடம் போவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. சந்தா அவளுடையது; சாவி துரையினுடையது.

இதே காலத்தில் ஐரோப்பாவில் நடந்தவற்றோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். ஜெர்மனியில் தொழிலாளர் இயக்கத்தின் வளர்ச்சியைக் கண்டு அஞ்சிய பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரித்தானியாவில் 1911ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டப்படி, தொழிலாளி பட்டியலிலுள்ள வைத்தியர்களுள் தனக்கு வேண்டியவரைத் தெரிந்துகொண்டான். எனினும் அவன் மனைவியும் மக்களும் அத்திட்டத்துக்கு வெளியே நின்றனர். வேல்ஸ் நாட்டின் ட்ரெடிகர் என்னும் சுரங்க ஊரிலே தொழிலாளர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். வாரந்தோறும் கூலியிலிருந்து சில காசுகளைச் சேர்த்துத் தங்கள் மருத்துவ உதவிச் சங்கத்தை நடத்தினர். வைத்தியரைத் தாங்களே நியமித்தனர். அச்சங்கத்தின் ஆஸ்பத்திரிக் குழுவில் பணியாற்றிய சுரங்கத் தொழிலாளி ஒருவர் பின்னர் சுகாதார மந்திரியானார். அவரே அனூரின் பெவன். ட்ரெடிகரில் வைத்தியரை நியமித்த குழு சுரங்கத் தொழிலாளர் குழு; கண்டியில் வைத்தியரை நியமித்த குழு முதலாளிமார் குழு. பணம் இரண்டிடத்திலும் உழைப்பிலிருந்தே வந்தது.

1912ஆம் ஆண்டிலே வைத்தியத் தேவைகள் பற்றியும் தொழிலாளர் நோய்கள் பற்றியும் புதிய கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. லயங்களைச் சுத்தமாக வைத்திருத்தல், நோயாளியைப் பற்றி அறிவித்தல், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் கொடுத்து வேலை வாங்காதிருத்தல் ஆகிய கடமைகள் துரைமீது சுமத்தப்பட்டன. ஏட்டளவில் இவை நல்லவையே. கடமை துரைமேல் இருந்தது. ஆனால் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு இருந்ததா என்பதே கேள்வி. சங்கம் இல்லாத, வாக்கு இல்லாத காலம் அது.

1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலானோரின் குடலில் அப்புழு இருக்கக் காணப்பட்டது. இரத்தம் குன்றிய உடம்பால் எப்படி மலை ஏற முடியும்? அதுவரை சோம்பல் என்று திட்டப்பட்டது நோயென்று அப்போது விளங்கிற்று. மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயத்திலே வெறுங்காலோடு நடந்தவர்க்கு அது மீண்டும் வந்தது. மருந்து மலிவாயிருந்தது, மலசலகூடம் கட்டுவது செலவு. துரைமாரிற் பலர் மருந்தை வரவேற்று மலசலகூடத்தைத் தள்ளிப்போட்டனர். வைத்தியம் உடம்போடு நின்றுவிட்டால் நோய் வீட்டிலே காத்திருக்கும் என்ற பாடத்தைக் கண்டி மலைகள் அன்றே கற்பித்தன.

தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்த கயிறுகளுள் பேர்போனது 'துண்டு'. அவன் தலைமேல் உள்ள கடனை எழுதி, அதைத் தீர்ப்பவரிடம் ஆளை ஒப்படைப்பதாகக் கங்காணிகளும் தோட்டங்களும் பரிமாறிக்கொண்ட சிறு காகிதம் அது. 1921இல் சட்டம் அதைத் தடைசெய்தது. சிறைத் தண்டனைப் பிரிவுகளும் அக்காலத்திலேயே நீங்கின. ஆனால் காகிதத்தால் மனிதனை ஆளும் பழக்கம் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்துக் கடிதம் வேண்டும்; அக்கடிதத்துக்குத் தோட்டத்து மருந்துக்காரர் சொல்ல வேண்டும்; அவர் சொல்லக் கணக்கப்பிள்ளைக்கு மனம் வேண்டும். பெரட்டுக்களத்தில் "மேலுக்குச் சுகமில்லை" என்று சொன்னவளுக்கு அன்றையப் பேர் போகும். பாதி நாளில் சுருண்டு விழுந்தவளுக்கு அரைப் பேர். நோய் வந்தால் கூலி போகும் என்ற அச்சம், மருந்து இலவசமாய் இருந்த இடத்திலும் நோயை மறைக்கச் செய்தது.

இருளை மட்டும் கூறி நிறுத்துவது வரலாறாகாது. 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அதற்கான விசாரணையிலே பெண்களுக்கு வாக்குக் கேட்டுச் சாட்சியம் அளித்தவர்களுள் கண்டியின் அக்னஸ் டி சில்வா ஒருவர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது, அவர்களும் பெண்களே, வேண்டும் என்று அவர் தயங்காது விடை கூறினார். 1934-35இல் மலேரியா சுமார் 80,000 உயிர்களைக் கொண்டு சென்றபோது, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலிய இளைஞர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தும் பருப்பும் சுமந்து சென்றனர். அந்த அனுபவத்தின் சூடு ஆறுமுன், 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. இந்நாட்டின் இடதுசாரி இயக்கம் புத்தகசாலையிலிருந்து நோயாளியின் பாய்க்கு நடந்து சென்ற நாள்களை நாம் மறத்தலாகாது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை மலையிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். வைத்தியர் வரத் தயங்கிய மலைப்பாதையில் துப்பாக்கி தாமதமின்றி ஏறிற்று.

வாக்கு ஒரு மருந்து என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. வாக்காளரிடம் திரும்பிச் செல்ல வேண்டிய மந்திரிகள் கிராமங்களிலே சிறு ஆஸ்பத்திரிகளைத் திறந்தனர். 1942 முதல் 1947 வரை சுகாதார மந்திரியாயிருந்த ஜோர்ஜ் ஈ. டி சில்வா கண்டியின் பிரதிநிதியே, அக்னசின் கணவர். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1946இல் ஆயிரம் பிறப்புக்கு 141 ஆக இருந்த குழந்தை மரணம் 1950இல் 82 ஆயிற்று. மலேரியா ஒழிப்பு, மருத்துவச்சி, பங்கீட்டு அரிசி, பள்ளிக்கூடம் ஆகியவை சேர்ந்து செய்த வேலை இது. செல்வம் குவிந்த பின்னரே சுகம் வரும் என்று உபதேசித்தவர்க்கு ஓர் ஏழை நாடு அளித்த விடை இது.

ஆனால் 1948ஐ நினைவு கூருங்கள். அவ்வாண்டு ஜூலை 5ஆம் நாள், ட்ரெடிகர்ச் சுரங்கத் தொழிலாளியான பெவன், பிரித்தானியாவில் வாழும் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப வைத்தியரைப் பதிவுசெய்துகொள்ளும் உரிமையை அளித்தார். அதே ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். ஆஸ்பத்திரிக் கதவு அவர்களுக்குச் சாத்தப்பட்டது என்று கூறமுடியாது. அரசாங்க வைத்தியசாலையில் பிரசாவுரிமைப் பத்திரம் கேட்டு மருந்து கொடுக்கவில்லை. ஆயினும் ஆஸ்பத்திரியை எங்கே கட்டுவது, மருத்துவச்சியை எங்கே நியமிப்பது, பாதையை எதுவரை போடுவது என்பவற்றை வாக்கே தீர்மானித்தது. வாக்கற்றவரின் மலைக்குப் பாதை போடும் அவசியம் எவருக்கு?

இவ்வாறு நாட்டிலே இரண்டு சுகாதாரப் படங்கள் வரையப்பட்டன. ஒன்றிலே கிராமம்: அரசாங்க மருந்தகம், குடும்பநல மருத்துவச்சி, மாவட்ட ஆஸ்பத்திரி. மற்றதிலே தோட்டம்: தோட்டத்து மருந்தகம், தோட்டத்து மருத்துவச்சி, கொழுந்து லொறி. கிராமம் உரிமையின்பாற்பட்டது, தோட்டம் நிருவாகத்தின் பொறுப்பு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இப்பிரிவினையைத் தொடர்ந்தது. சபையின் எல்லைக்குள் வாழ்ந்தும், வாக்களித்தும், தோட்ட மக்கள் சபையின் சேவைகளைப் பெறுவதற்கு அது தடையாய் நின்றது. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. பிரசாவுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் முடிவு கண்ட பிறகும் 15 ஆண்டுகள் அந்தத் தடை வாழ்ந்தது.

நம்மவர் செய்த பிழைகளையும் ஒளியாது சொல்லுதல் கடன். இடதுசாரிகள் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கம் 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கிற்று. அன்றைய நிதி மந்திரி, மலேரியாக் கிராமங்களுக்குப் பருப்புச் சுமந்து சென்ற அதே என். எம். பெரேரா. காசு சிறிதுதான், கொள்கை சிறிதன்று. 1977இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. அவ்வாண்டே அரசாங்க வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் புறம்பே தனிப்பட வைத்தியம் பார்க்கவும் அனுமதிக்கப்பட்டனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. வெள்ளைத்துரை போனார், நாற்காலி போகவில்லை. 1973-74இல் உணவுப் பஞ்சம் லயங்களிலே சாவாக வந்தது. 1974இல் தோட்டங்களின் குழந்தை மரண விகிதம் நாட்டின் சராசரியைப்போல் இருமடங்குக்கும் மேலாயிற்று. உடைமை மாறியதும் உரிமை தானே வந்துவிடும் என்று நம்பினோம். அஃது அவ்வாறு வரவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறீமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் பலர் நீலகிரியின் தேயிலை மலைகளிலே குடியேறினர். 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் அவர்களுக்காகவே உருவாயிற்று. அங்கே அவர்களை எதிர்கொண்டது என்ன? இந்தியாவிலே 1948இல் தொழிலாளர் அரசாங்கக் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டு, 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. ஆலைத் தொழிலாளி அட்டையைக் காட்டி மருந்து பெற்றான். தோட்டத் தொழிலாளிக்கோ 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவத்தை முதலாளியின் கடமையாக வைத்தது. கடல் கடந்து திரும்பியவரும் மீண்டும் ஒரு தோட்டத்து மருந்தகத்தின் முன்னேதான் வரிசையில் நின்றார். வேலையோடு கட்டப்பட்ட வைத்தியம் வேலை போனால் போகும், நிருவாகம் நலிந்தால் நலியும் என்பதை இரு நாட்டு மலைகளும் மெய்ப்பித்தன.

1992இல் இலங்கைத் தோட்டங்களின் நிருவாகம் மறுபடியும் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. தோட்ட ஆஸ்பத்திரிகளைப் படிப்படியாக அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கை 1990களில் எழுந்தது. சில ஆஸ்பத்திரிகள் கைமாறின; பல இடங்களில் பழைய தோட்ட மருந்தகமே எஞ்சிற்று. கம்பெனி, "இது அரசாங்கத்தின் வேலை" என்றது. அதிகாரிகள், "இது தோட்டத்தின் பொறுப்பு" என்றனர். இருவருக்கும் நடுவே நின்றவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

மலைநாட்டுப் பாடசாலைகளிலே கற்பித்த ஆசிரியர்க்கு இக்காட்சியை விவரிக்க வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்கு வலிப்பு. தோட்டத்து மருந்துக்காரர் விடுமுறையில். லொறிச் சாவி இன்னொருவரிடம். முச்சக்கர வண்டிக்காரர் மழைப்பாதையைப் பார்த்துத் தயங்குகிறார். ஆஸ்பத்திரியை அடைந்தபின், தாய் சொல்வது தாதிக்கு விளங்கவில்லை. தாதி சொல்வது தாய்க்கு விளங்கவில்லை. மறுநாள் குழந்தை பிழைத்து வந்தால் தெய்வச் செயல், பிழையாவிட்டால் விதி. இவ்விரு சொற்களுக்குள்ளே எத்தனை மனிதரின் கடமைத் தவறு மறைந்துவிடுகின்றது! இங்கே மருந்துக்காரரைத் திட்டிப் பயனில்லை. பல தோட்டங்களின் சுமையை ஒற்றை ஆளாய்ச் சுமந்து, நடுநிசியில் லயத்துக்கு ஓடிவந்த மருந்துக்காரர்களையும் மருத்துவச்சிகளையும் மலைநாடு நன்றியோடு நினைக்கின்றது. குற்றம் ஏற்பாட்டினுடையது.

கண்டி நகரத்துக்கு இறங்கினால், மாலை வேளையில் தனியார் மருந்தகங்களிலே விளக்கு எரியும். நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் குடும்ப வைத்தியர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார். காசு கொடுத்தவரிடம் அவர் சீட்டுக் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் 2021இல் நீண்ட போராட்டத்தின் பின் கிடைத்த நாட்கூலி 1,000 ரூபா. வைத்தியர் கட்டணம், மருந்து, இரத்தப் பரிசோதனை, பஸ் கூலி, அன்று போன பேர் ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். சீட்டு ஒழிந்த இடத்தில் காசே சீட்டாக நிற்கின்றது.

அரசாங்க ஆஸ்பத்திரி இலவசமாயிற்றே, அங்கே செல்லலாகாதா எனில், செல்கின்றனர். சிறு காய்ச்சலுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கே செல்கின்றனர். அங்கே இன்று பார்த்த வைத்தியர் நாளை இருக்கமாட்டார். நோயாளி தன் கதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெருகிவிட்ட காலத்தில், ஒரு நாள் பார்த்து ஒரு வாரத்துக்கு மருந்து கொடுக்கும் முறை போதாது. இதனை உணர்ந்தே பொது வைத்தியர்கள் 1974இல் தங்களுக்கென ஒரு கல்லூரியை அமைத்துக்கொண்டனர். குடும்ப மருத்துவம் பல்கலைக்கழகப் பாடமாயிற்று. 2018இல் உலக வங்கியின் 20 கோடி டொலர்க் கடனோடு ஆரம்ப சுகாதார சேவையைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கிற்று. ஒவ்வோர் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையத்துக்கும் ஒரு குறித்த மக்கள் தொகுதி. சுமார் 5,000 பேருக்கு ஒரு குடும்ப வைத்தியர். ஒவ்வொருவருக்கும் ஒரு சுகாதாரப் பதிவேடு என்பது அதன் எண்ணம். கடன் கொடுத்தவரின் நோக்கத்தை ஐயத்தோடு நோக்குவது நம் வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆனால் இந்த எண்ணம் அவர்களுடைய சொத்தன்று. ட்ரெடிகர்ச் சுரங்கத்தார் காசு சேர்த்துத் தேடிய வைத்தியரும் இவரே.

2022ஆம் ஆண்டு ஒரு எச்சரிக்கையைத் தந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது, அவ்வாண்டு மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் முன்குறித்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைக்க நேர்ந்தது. வைத்தியர் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். தேயிலை நெடுங்காலமாக அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தது. அதைப் பறித்தவளின் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியிலே மருந்து வாங்க அந்நியச் செலாவணி இல்லை. இதைவிடக் கூர்மையான பொருளாதாரப் பாடத்தை எந்த நூல் கற்பிக்கும்?

இனி நம் முன்னுள்ள கேள்வி ஒன்றே. குடும்ப வைத்தியரின் பதிவேடு விரிக்கப்படும்போது, லயம் அதில் இடம்பெறுமா? பல தோட்டங்களிலே லயக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்தே லயத்துக்குப் போகும். விலாசமற்றவரை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? தோட்டத்தில் பேர் பதிந்தவருக்கு மட்டுமா வைத்தியர்? வேலையை விட்டு நின்ற கிழவிக்கும், கொழும்புக் கடையில் வேலை செய்துவிட்டு நோயோடு திரும்பிய பேரனுக்கும் எவர் வைத்தியர்? ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் ஒரே பதிவேடு வேண்டும். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஓர் இலக்கமும் விலாசமும் வேண்டும். பதிவு மனிதனின் பேரிலே இருத்தல் வேண்டும். வேலையின் பேரிலே இருத்தலாகாது. தமிழிலே கேட்டுத் தமிழிலே விடை சொல்லக்கூடியவர் அந்த நிலையத்தில் இருத்தல் வேண்டும். வைத்தியரைக் காணச் சென்ற நாளுக்குப் பேர் வெட்டலாகாது. நிலையத்தை மேற்பார்க்கும் குழுவிலே, 1872இல் துரைமார் அமர்ந்த இடத்திலே, கொழுந்து பறிப்பவள் அமர வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிற் செய்யத்தக்கது உண்டு. பதிவேட்டில் எழுதுவதற்கு முன் பெயரும் பிறந்த தேதியும் வேண்டும். அவை இல்லாத குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது நம்மால் இயலும். ஹந்தானையின் அடிவாரத்திலே மருத்துவம் கற்கும் மாணவன் ஒருமுறை மேலே ஏறிச் சென்று பார்ப்பதும் இயலும். மருத்துவம் மலையேற வேண்டிய நாள் என்றோ வந்துவிட்டது.

நூற்றைம்பது ஆண்டுகளாய் அம்மலையிலிருந்து இறங்கி வந்தவள் கையிலே ஏதேனும் ஒரு காகிதம் இருந்தது. துண்டு, துரையின் கடிதம், நாடற்றவள் என்னும் பத்திரம், இறுதியில் காசு. ஒரு நாள் அவள் வெறுங்கையோடு, பிள்ளையை மட்டும் இடுப்பில் ஏந்தி வருவாள். மேசைக்கு அப்பாலிருப்பவர் நிமிர்ந்து பார்த்து, அவளைப் பெயர் சொல்லி அழைத்து, பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பார். அன்றுதான் இந்நாட்டில் வைத்தியம் இலவசமாயிற்று என்று நாம் எழுதலாம்.